துக்க வீட்டில் ஜூலிக்கு மீன்

என் செல்லத் தம்பிக்கு, ஊர்க்காரர்கள் காதிலும் விழட்டும் என்று சத்தமாகவே எழுதுகிறேன்.

நீ நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த அன்றிலிருந்து உன் ஜூலி சோற்றில் வாய் வைக்கவில்லை. உப்பளத்தில் உன்னோடு வேலை செய்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டு அழுதார்கள். பெரியம்மா அவள் நெற்றியில் விபூதி பூசினாள். யாரோ போனில் படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள், எஜமானுக்காக உண்ணாவிரதம் இருக்கும் நாய் என்று. பொம்மையார்பாளையத்திலிருந்துகூட ஆள் வருகிறது. வருகிறவர்கள் எல்லாம் கையில் கிரீம் பிஸ்கட்டோடு வருகிறார்கள்.

அவள் எதற்குத் தின்னவில்லை என்று உனக்குத் தெரியாதா? காரியம் முடியும்வரை வீட்டில் கவுச்சி கூடாது என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அவள் தட்டில் விழுந்ததெல்லாம் ரசம் சோறும் புளிச்சோறும்தான். அவள் போட்ட குட்டிகளோ இன்னும் பால்குடி மறக்கவில்லை.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னதை நீ ஒரு நாளும் மீறியதில்லை. முட்டை, முள் எடுத்து வேகவைத்த மீன், குழைந்த சோறு கொஞ்சம், ஒரு துண்டு பூசணி. வெங்காயம், காரம், இனிப்பு எதுவும் ஆகாது. உப்பளத்துக்காரன் நாய்க்கு உப்பில்லாச் சோறா என்று டீக்கடையில் கிண்டல் பண்ணினார்கள். பால் கொடுக்கிறவளுக்குத் தீனி கூடுதலாக வேண்டும் என்று சொல்லி நீ பாட்டுக்குக் கிண்ணத்தை நிரப்பினாய்.

முந்தாநாள் குட்டிகள் கத்திக்கொண்டே இருந்தன. ஜூலியின் காம்பைப் பிதுக்கிப் பார்த்தேன், ஒரு சொட்டு வரவில்லை. அனுமந்தை மீன்காரம்மா துக்க வீடு என்று தலையைத் திருப்பிக்கொண்டு போனாள். நான்தான் ஓடிப்போய்க் கூப்பிட்டேன். கொல்லையில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, கதவைத் திறந்து வைத்தே மீனை வேகவைத்தேன். நான் எதற்கு ஒளிந்து செய்ய வேண்டும்?

ஜூலி தட்டையே நக்கித் துடைத்துவிட்டாள். பார்க்க வந்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. சித்தப்பா கொல்லை வாசலில் வந்து நின்று கத்தினார்.

"காரியம் வரைக்கும் பொறுக்கக் கூடாதாம்மா? அவன் ஆத்மா எப்படி சாந்தியாவும்? இந்த நாய்க்கும் அவ்ளோதான் பாசமா?"

"அவ பால் குடுக்கிறவ சித்தப்பா. அவ பாசத்தை அந்தக் குட்டிங்களைப் போய்க் கேளுங்க."

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. படையல் சமையலில் நான் கை வைக்கக் கூடாதாம். சரி, வைக்கவில்லை. பாசம் இருந்தால் பட்டினி கிடக்க வேண்டும் என்று யாருடா சொன்னது? நான் மூன்று வேளையும் தின்றுகொண்டுதான் உனக்காக அழுகிறேன். அது அழுகை இல்லையா?

இன்று காலையில் பால் வந்துவிட்டது. குட்டிகள் முட்டி மோதிக் குடிக்கின்றன. அதைப் பார்க்க மட்டும் ஊரில் ஒருத்தரும் வரவில்லை. பிஸ்கட்டை எல்லாம் நான் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நாளைக்கு உனக்குக் காரியம். சத்தியமாகச் சொல்கிறேன், உனக்கு இலை போடுவதற்கு முன்னால் ஜூலிக்கு மீன் வெந்திருக்கும். யார் குறுக்கே நின்றாலும் அவள் முதலில், நீ அப்புறம்தான். உயிரோடு இருந்திருந்தாலும் அவளுக்குப் போட்டுவிட்டுத்தானே நீ சாப்பிட உட்காருவாய்.

இப்படிக்கு,
துக்க வீட்டில் மீன் வேகவைத்த
உன் அக்கா கஸ்தூரி