‘பெரியம்மா சௌக்கியம்’ என்ற வரி

ஜூன் 18

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் நான் ‘உம்’ மட்டும் கொட்டுகிறேன் என்று குறைப்பட்டாய். காகிதத்தில் உம் கொட்ட முடியாது, அதனால் எழுதுகிறேன். பள்ளியில் இந்த வருடம் மருத்துவ உதவியாளர் பாடம் எடுத்திருக்கிறேன். கத்தாதே. பெரியம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். படிப்பு முடிந்ததும் ஏதாவது ஒரு கிளினிக்கில் வேலை கிடைக்கும். சம்பாதித்துக்கொண்டே மேலே படிக்கலாம்.

எங்கள் டீச்சர் முன்பு நர்ஸாக இருந்தவர். முதல் வாரம் முழுக்கக் கை கழுவத்தான் சொல்லித் தந்தார். இப்போது ரப்பர் கையில் ஊசி போட்டுப் பழகுகிறோம். அதன் குழாயில் சிவப்பு மைத் தண்ணீர் ஓடும். நேற்று நான் குத்திய குத்தில் அது பீய்ச்சியடித்து, எட்டிப் பார்க்க வந்த தலைமை ஆசிரியரின் வெள்ளைச் சட்டை பாழ். “நோயாளி பிழைச்சாரா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

பெரியம்மா சௌக்கியம்.

உன் வாயாடி


ஜூலை 2

என் வாயாடிக்கு,

நீ டாக்டராவாய் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். நீ ரப்பர் கையைக் குத்திக்கொண்டிருக்கிறாய். இதற்காகவா கடல் தாண்டி வந்து இந்த விடுதியின் சலவைக்கூடத்தில் நீராவியில் வெந்துகொண்டிருக்கிறேன்?

அக்காவுக்கு என்றைக்கும் இதே பழக்கம். செய்து முடித்துவிட்டுத்தான் சொல்வாள். நான் சண்டை போட்டதாக அவளிடம் சொல். ஆனால் உன் அப்பா போன பிறகு நம் இரண்டு பேரையும் தூக்கி நிறுத்தியவள் அவள். அவள் போட்ட கையெழுத்தை நான் அழிக்க முடியுமா? படிப்பதை ஒழுங்காகப் படி.

ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. நடுவில் கிளம்பினால் திரும்பச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அக்காவை வேளைக்குச் சாப்பிடச் சொல்.

அம்மா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

செவ்வாய்க்கிழமைதோறும் எங்களைக் கிளினிக்குக்கு அனுப்புகிறார்கள். எடை பார்க்கிறேன், ரத்த அழுத்தம் பார்க்கிறேன், கதவைத் திறந்து “அடுத்தவங்க வாங்க” என்று கூப்பிடுகிறேன். குரல் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம்.

போவதற்கு முன் டீச்சர் எங்களிடம் சத்தியம் வாங்கினார். “அறைக்குள்ள கேட்டது அறைக்குள்ளயே இருக்கணும். உங்க வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அது வந்துடுச்சுன்னா, நாளைக்கு ஒருத்தரும் நம்மகிட்ட சட்டைக் கையை மடிச்சுக் காட்ட மாட்டாங்க” என்றார். கடைக்காரருக்குச் சர்க்கரை நோய் என்று வீட்டில் உளறிய ஒருத்தியை மறுநாளே பாடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். உன் வாயாடி எப்படிச் சமாளிக்கிறேனோ போ.

பெரியம்மா சௌக்கியம். “அவ போட்ட சண்டை வந்து சேர்ந்துச்சுன்னு எழுது” என்கிறாள்.

உன் வாயாடி


செப்டம்பர் 21

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த வாரம் எங்களை வியாழக்கிழமைக்கு மாற்றியிருந்தார்கள். பரீட்சை வருகிறது. மழை விட்டபாடில்லை.

அம்மா, பெரியம்மாவைப் பற்றி என்னிடம் கேட்காதே. அவளிடமே கேள். நேராக அவளுக்குப் போன் போடு. அடிக்கடி போடு.

உன் மகள்


அக்டோபர் 10

என் வாயாடிக்கு,

அரைப் பக்கத்தில் ஒரு கடிதமா? அதில் ‘பெரியம்மா சௌக்கியம்’ என்ற வரியையும் காணோம். உனக்கும் அக்காவுக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று புரிந்துகொண்டேன்.

நீ சொன்னபடி போன் போட்டேன். “எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்” என்று சிரித்தாள். உன்னைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. அவ்வளவு பெரிய மனசுக்காரியிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாமா? போய் மன்னிப்புக் கேள்.

அம்மா


நவம்பர் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

மன்னிப்புக் கேட்டேன். “எதுக்குடி?” என்றாள் பெரியம்மா.

நானும் அவளிடம் தினமும் ஒன்று கேட்கிறேன். முடியாது என்கிறாள். அம்மா, உனக்கு லீவு கிடைக்குமா? நாலு நாள் போதும். ஏன் என்று என்னைக் கேட்காதே.

உன் மகள்


பிப்ரவரி 12

அன்புள்ள அம்மாவுக்கு,

சாவுக்கு மட்டும்தான் அங்கே லீவு தருவார்கள் போலிருக்கிறது. வந்தாய். மாமா, அக்கம்பக்கம் எல்லோர் முன்னாலும் “தெரிஞ்சும் சொல்லலையேடி” என்று கேட்டாய். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே விமானம் ஏறிவிட்டாய்.

நான் செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் இருப்பேன் என்று தெரிந்துதான் பெரியம்மா வியாழக்கிழமை வந்தாள். நான்தான் கதவைத் திறந்து “அடுத்தவங்க வாங்க” என்றேன். எழுந்து வந்தவள் அவள். எடை பார்த்தேன், பாதி ஆளாகியிருந்தாள். ஒரே வீட்டில் இருந்தும் சேலைச் சுற்றில் எனக்குத் தெரியவில்லை. வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது என்று ஸ்கேனைப் பார்த்து டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்றேன்.

வெளியே வந்ததும் உனக்குப் போன் செய்யப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள். “அவ ஓடி வந்துடுவா. வந்தா வேலை போச்சு, உன் படிப்பும் போச்சு. உள்ள நீ என் மகளா நிக்கல. உங்க டீச்சர்கிட்ட என்ன சத்தியம் பண்ணினே?” என்றாள்.

உன்னிடம் சொல்லச் சொல்லித் தினமும் கேட்டேன், மறுத்துவிட்டாள். அம்மா, சொல்ல எனக்கு உரிமை இல்லை. பொய் எழுதவும் மனசு வரவில்லை. அதனால்தான் அந்த வரியை விட்டேன். நீ அதைப் பார்த்துப் பதறுவாய் என்று நினைத்தேன். நீ என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னாய்.

உன் மகள்


ஏப்ரல் 30

அன்புள்ள அம்மாவுக்கு,

பதில் இல்லை. பரவாயில்லை.

தேறிவிட்டேன். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை தந்தார்கள். மற்றவர்களுக்கு அவரவர் அம்மா குத்திவிட்டார்கள். எனக்கு டீச்சர் குத்திவிட்டார். வீட்டில் பெரியம்மாவின் செருப்பை இன்னும் எடுக்கவில்லை.

உன் மகள்


ஜூன் 6

என் வாயாடிக்கு,

உன் கடிதங்கள் இரண்டும் தலையணைக்கு அடியிலேயே இருந்தன. எழுத உட்காருவேன், கோபம் வரும், எழுந்துவிடுவேன். முழுதாக மன்னித்துவிட்டேன் என்று இப்போதும் பொய் சொல்ல மாட்டேன். என் அக்காவின் பக்கத்தில் உட்கார எனக்குக் கொஞ்ச நாள் இருந்தது. அதை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்துக்கொண்டீர்கள். அந்த வரியைக் காணாமல் உன்னைத் திட்டியவள் நான். அது இன்னும் வலிக்கிறது.

போன வாரம் இங்கே ஒரு கிளினிக்குக்குப் போனேன். உன் வயதுதான் இருக்கும், ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் என்னைத் தொட்டாள். உனக்கும் அப்படிச் சொல்லித் தந்திருப்பார்கள். என்னை அழைத்துப்போன மேற்பார்வையாளர் அவளிடம் எனக்கு என்ன என்று விசாரித்தார். “அவங்ககிட்டயே கேளுங்க” என்றாள் அந்தப் பெண். நீ எழுதிய அதே வார்த்தை. அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. உன்னை ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்று யோசித்தபடியே அறைக்கு வந்தேன்.

பிறகு அவள், “யாருக்காவது தெரிவிக்கணுமா?” என்று கேட்டாள். “என் மகளுக்கு, நானே சொல்லிக்கிறேன்” என்றேன்.

நான் சௌக்கியம் என்று எழுதவில்லை, பார்த்தாயா? உன்னைத் தவிக்கவிட மாட்டேன், சொல்லிவிடுகிறேன். மார்பில் ஒரு கட்டி. நல்லதா கெட்டதா என்று அடுத்த வாரம் தெரியும். மாமாவிடம் சொல்லாதே, யாரிடமும் சொல்லாதே. உன்னிடம் சொன்னால் உன்னைத் தாண்டாது என்று எனக்குத் தெரியும். அது எப்படித் தெரியும் என்று உனக்கும் தெரியும்.

கடிதம் கிடைத்ததும் போன் செய். உம் கொட்டினாலும் போதும்.

உன் அம்மா