காய்ந்த தட்டு, பச்சைப் புள்ளிகள்

மார்ச் 4, வெள்ளி

அழுக்காம்! பழுதான புரதங்களை வெட்டித் தள்ளும் புரோட்டியாசோம்களுக்குப் பச்சை ஒளி ஏற்றி, மனித செல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வழக்கமாக அவை செல் முழுக்கப் பரவிக் கிடக்கும். நேற்று உட்கருவுக்குள் உருண்டை உருண்டையாகத் திரண்டு நின்றன. நாற்பது படம் எடுத்தேன். பேராசிரியர் கண்ணாடியைக்கூடப் போடவில்லை. "அழுக்கும்மா. லென்ஸைத் துடைச்சிட்டு வேற வேலையப் பாரு."

மூன்று தடவை துடைத்தாயிற்று. அழுக்கு உட்கருவுக்குள் மட்டும் பார்த்துப் போய் உட்காருமா?

மார்ச் 7, திங்கள்

இன்று ஒரு புள்ளிகூட இல்லை. அதே செல், அதே ஒளி. பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். வெள்ளிக்கிழமைக்குள் திரும்பக் காட்டாவிட்டால் என் ஆய்வை மூடிவிட்டு, வேறொருவர் வேலைக்குக் கை கொடுக்க வேண்டுமாம். மூன்று வருட உழைப்பு. மாட்டேன்.

மார்ச் 8

விடுவேனா?

மார்ச் 9

ஆய்வகத்தைப் பராமரிக்கும் அக்கா பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "சனிக்கிழமை பாத்தா இன்குபேட்டர் அடித்தட்டு காஞ்சு கெடக்கு. நான்தான் தண்ணி ஊத்துனேன். யாரு முறையோ!"

என் முறை. அட கடவுளே.

தட்டில் தண்ணீர் இல்லையென்றால் செல் வளர்க்கும் அந்தப் பெட்டிக்குள் காற்று வறண்டுவிடும். செல் மிதக்கும் திரவம் ஆவியாகி உப்பேறும். உப்பு செல்லிலிருந்து தண்ணீரை இழுக்கும். செல் சுருங்கினால் உள்ளே ஒரே நெருக்கடி — வெட்ட வேண்டிய புரதங்களோடு புரோட்டியாசோம்களும் சேர்ந்து திரண்டிருந்தால்? அதுதானே!

ஆனால் இதைச் சொல்ல என் லட்சணத்தையும் சொல்லியாக வேண்டும். பேராசிரியரிடம். எல்லோர் முன்பும். சொல்கிறேன், தலையா போய்விடும்?

மார்ச் 11, வெள்ளி

சொல்லிவிட்டேன். "தண்ணி ஊத்த மறந்தது நான்தான் சார். தப்பு என்னோடது. ஆனா புள்ளி அழுக்கில்ல."

"செல்லைக் காயப்போட்டுட்டு கண்டுபிடிப்புங்கிறியா?" சிரிப்பலை. எரிச்சலாக இருந்தது. கையோடு அவரை அழைத்துப்போய் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தேன். நல்ல செல்கள்மேல் கெட்டியான சர்க்கரைக் கரைசல் விட்டேன். அதுவும் தண்ணீரை இழுக்கும்.

சில நிமிடம்தான். ஒரு பச்சைப் புள்ளி. பிறகு பத்து. இரண்டு உருண்டைகள் தொட்டுக்கொண்டு ஒன்றாகக் கலந்தன. கரைசலை எடுத்துவிட்டுப் பழைய திரவத்தையே விட்டதும் மெல்லக் கரைந்தன.

"அழுக்கு இப்படி வந்து வந்து போகுமா சார்?" என் வாய் சும்மா இருக்கவில்லை.

அவர் கண்ணை எடுக்காமல் கேட்டார்: "இன்னொரு கிண்ணம் செல் இருக்கா?"

மார்ச் 14

இன்குபேட்டர் கதவில் புது முறைப்பட்டியல். மைக்ராஸ்கோப்புக்கு மாதம் முழுக்க என் பெயர். தண்ணீர் ஊற்றுவதற்குப் பேராசிரியர் பெயர்.

காலையில் கையில் குடுவையோடு வந்து நின்றார். "எவ்வளவும்மா ஊத்தணும்?"

அளவைக் காட்டினேன்.