பூசை போட்ட இரும்புக்கால்

அப்பாவுக்கு,

தெருமுனையில் ரோடு போடத் தார் காய்ச்சுகிறார்கள். வாசனை அடுப்படி வரை வந்துவிட்டது. மற்றப் பெண்களுக்கு அப்பா நினைவு வெற்றிலையிலோ திருநீற்றிலோ வரும். எனக்கு நீங்கள் தாரில் வருகிறீர்கள். கூடவே எரிச்சலும் வருகிறது. உங்கள் காரியம் முடிந்து மாதங்கள் ஆகியும் அது தணியவில்லை.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே மருதையாற்றில் பாலம் கட்டினார்கள். கெட்டித் தரை மணலுக்கு வெகு கீழே இருந்தது. நீளமான இரும்புத் தூண்களை அதுவரை அடித்து இறக்கி, அவற்றின் மேல் பாலத்தை நிறுத்த வேண்டும். புது இரும்பு கிடைக்கவில்லை. பழைய தண்டவாளங்களை ஒன்றாகச் சேர்த்து முடுக்கி, தார் பூசி இறக்கினீர்கள். இஞ்சினியர் அதைப் பைல் என்பார். நம் ஆட்களுக்கு அது இரும்புக்கால். நீங்கள் மேஸ்திரி. உங்களிடம் வேலை செய்தவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர்.

மதியம் கஞ்சி கொண்டுவருவேன். ஆட்கள் கயிற்றை இழுக்க, கப்பியில் இரும்புக் குண்டு மேலே போகும். விட்டதும் காலின் தலையில் வந்து விழும். “இரும்பு பொய் சொல்லாதும்மா. அது போதும்னு சொல்ற வரைக்கும் அடிக்கணும்” என்பீர்கள். அப்போது உங்களைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

முதல் காலுக்கு மஞ்சள் பூசி, பூச்சுற்றி, தேங்காய் உடைத்துப் பூசை போட்டது நீங்கள்தான். கொஞ்ச தூரம் இறங்கியதும் ஒரு பக்கம் சுக்கான் பாறை தட்டி அது சாய்ந்துவிட்டது.

“மாமா, கால் சாயுது. புடுங்கிட்டுத் தள்ளி எறக்கிடலாம்” என்றார் இவர்.

“பூசை போட்ட காலப் புடுங்குனா குடும்பம் வெளங்குமா?”

“குண்டு வழுக்கும் மாமா.”

“பயமா இருந்தா வூட்டுக்குப் போயி எம்பொண்ணுக்கு வெங்காயம் உரிச்சுக் குடுங்க மாப்ளே.”

எல்லாரும் சிரித்தார்கள். இவர் அந்தக் காலை நிமிர்த்த ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நீங்கள் அடிக்கச் சொன்னீர்கள். சாய்ந்த தலையில் விழுந்த குண்டு வழுக்கி இவர் வலக்கையில் இறங்கியது. கஞ்சிப் பானையோடு நான் கரையில் நின்றேன். அரியலூர் ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பிறகு இஞ்சினியர் வந்தார். ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்தக் காலைப் பிடுங்கச் சொன்னார். “சரிங்க சார்” என்று நீங்களே சங்கிலி மாட்டினீர்களாம். பூசையும் தடுக்கவில்லை, சாமியும் தடுக்கவில்லை. மருமகன் சொன்னால் மட்டும் குடும்பம் விளங்காமல் போகுமோ?

கல்லங்குறிச்சித் தேருக்கு வந்த சொந்தக்காரர்களிடம், “மாப்ளைக்கு நேரம் சரியில்ல” என்று சொல்லிவைத்தீர்கள். எங்கள் வீட்டுக்கு வெல்லம் கொண்டுவந்தீர்கள், மழையைப் பற்றிப் பேசினீர்கள். நான் மடித்து ஊக்குக் குத்தியிருந்த அந்தச் சட்டைக் கையை மட்டும் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. தேங்காய் உடைக்க அவ்வளவு துணிந்த உங்களுக்கு, “என்மேல்தான் தப்பு” என்று சொல்ல வாய் வரவில்லை.

உங்கள் பாடைக்குத் தோள் கொடுக்க இவர் போனார். வேண்டாம் என்று தடுத்தேன். “போனவருகிட்ட என்ன கோவம்? விடு” என்று ஒற்றைக் கையால் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். போனது அவர் கை. மன்னிப்பது அவர் இஷ்டம். கை போன நாளிலிருந்து அதற்கும் சேர்த்து வேலை செய்கிறவள் நான். நீர் இறைக்கும்போதும் விறகு பிளக்கும்போதும் உங்களைத் திட்டிக்கொண்டேதான் செய்கிறேன்.

இனி என் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவேன்? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் மன்னித்திருப்பேன். நீங்கள் கேட்கவே இல்லை, அப்பா.