வாரேன் என்றால் திறக்கும் கதவு

நாள் 212. காலை 7.10

நிலாவில் முதன்முதலாக ஓட்டுப் போட்டார்களே, தூத்துக்குடி உப்பளங்களைக் கடல் விழுங்கியதே, அந்த வருஷம்தான் நான் செவ்வாய்க்கு வந்தேன். பெயர் மாசிலாமணி, வயது எழுபத்து மூன்று, வேலை சமையல். எழுத்து தெரியாது. அதனால் இந்தப் பெட்டியிடம் சொல்கிறேன்.

நிலையத்தில் மூன்று பேர். மனசைப் பற்றிப் படித்த ரெஜினா டாக்டர். வண்டியோட்டி தவசி; தூரத்து ரேடியோக் கம்பத்தைப் பழுது பார்க்கப் போயிருக்கிறான், நாளை வருவான். இன்று உளுந்தங்கஞ்சி. தட்டைக் கரண்டியால் தட்டினேன். ஒலிபெருக்கியில் டாக்டர் சிரித்தார்:

"இந்தா வாரேன்! நாய்க்கு மணி, எங்களுக்கு உங்க தட்டு. சத்தம் கேட்டாலே வாய் தானா வாரேன்னுது பாட்டையா."

நாள் 212. மதியம் 1.40

டாக்டர் இறந்துவிட்டார்.

வெளியே போகிற வழியில் காற்றறை. அதன் கதவுக்குக் காதும் உண்டு, பழகிக்கொள்ளும் புத்தியும் உண்டு. கிளம்பும்போது நம்மில் யார் "போறேன்" என்பார்கள்? இருநூறு நாளாக அங்கே நின்று "வாரேன்" என்றே கிளம்பினோம். அந்தச் சொல் கேட்டால் காற்றை உறிஞ்சி வெளிக்கதவைத் திறக்க வேண்டும் என்று அது தானே பழகிவிட்டது. எங்களுக்குத் தெரியவில்லை.

பாறை பொறுக்கப் போன டாக்டர் திரும்பி வந்து, காற்றறையில் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"காப்பி போடுங்க பாட்டையா, வாரேன்."

அவ்வளவுதான்.

உடுப்பு மாட்டிப் போய்த் தூக்கி வந்து சேமிப்பறையில் கிடத்தினேன். கதவு திறந்த வேகத்தில் ரேடியோவில் நாம் பேசுகிற கம்பி அறுந்துவிட்டது. தவசி பேசினால் எனக்குக் கேட்கும். நான் பேசுவது அவனுக்குப் போகாது. அவனும் காற்றறைக்குள் வந்ததும் கவசத்தைக் கழற்றுகிறவன்தான். ஒரு வரி எழுதி ஒட்டத் தெரிந்திருந்தால்!

நாள் 213. காலை 11.00

டாக்டர் சொன்னது ஒரு சொல்கூட மறக்கவில்லை. "சோறு போடாம மணிய மட்டும் அடிச்சா நாய் மறந்துரும். ஆனா கொஞ்சம் ஓய்வு குடுத்தா, மறந்தது திரும்ப முழிச்சுக்கும்."

உடுப்போடு காற்றறையில் உட்கார்ந்து "வாரேன்" என்றேன். கதவு திறந்தது. நான் போகவில்லை. மூடினேன். மறுபடி. மறுபடி. நாற்பத்தோராவது தடவை அது திறக்கவில்லை. அழுதுவிட்டேன்.

ஓய்வு கொடுக்கக் கூடாது. ஆனால் உடுப்பில் காற்று தீர்கிறது. நிரப்ப வேண்டும்.

நாள் 213. மதியம் 1.20

தவசி பேசினான்: "என்ன பாட்டையா, சத்தத்தையே காணும், வாயில கொழுக்கட்டையா? நாலு மணிக்கு அங்க இருப்பேன். டாக்டர்ட்ட சொல்லுங்க, கம்பத்தச் சொன்ன நேரத்துல முடிச்சுட்டேன், பந்தயத்துல நான்தான் ஜெயிச்சேன்."

மூன்றரைக்கே உடுப்போடு காற்றறையில் நிற்பேன். வாயைப் பொத்திச் சாடை காட்டுவேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கொஞ்சம் உட்கார்கிறேன்.

நாள் 213. பிற்பகல் 3.25

தூங்கிப்போனேன். சீக்கிரமே வந்துவிட்டான். காற்றறையில் இருக்கிறான். கவசம் கழற்றும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்கிறது. கதவு எத்தனை நேரம் ஓய்வில் இருந்தது? பேசாதே தவசி. பேசாதேப்பா. கத்தினால் இரும்பைத் தாண்டிக் கேட்காது. கையில் கிடைத்ததை எடுத்துக் கதவில் அடிக்கிறேன். அடிக்கிறேன்.

கையில் தட்டு.

"இந்தா வாரேன் பாட்டையா!"

உறிஞ்சுகிறது.

நாள் 213. நேரம் பார்க்கவில்லை

சத்தம் நின்றுவிட்டது. தட்டு இன்னும் கையில்தான் இருக்கிறது. இதைக் கேட்கிறவர்களே, காற்றறையில் வாயைத் திறக்காதீர்கள். உயிரோடு இருப்பது சமையற்காரன் மாசிலாமணி.