அறுபத்தொரு பெண்களுக்கு எதிரே என் கைபேசி எண்

அனுப்புநர்:
காப்பாளர்,
வேலை செய்யும் பெண்கள் தங்கும் விடுதி,
பேருந்துப் பணிமனைக்குப் பின்புறம்.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
இளையோர் நலப் பிரிவு,
பொதுச் சுகாதார அலுவலகம்.

பொருள்: பால்வினை நோய்த் தடுப்புச் செயலியில் விடுதிப் பெண்கள் அனைவருக்கும் என் கைபேசி எண்ணே பதியப்பட்டதால் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த இழப்பு, அதே இழப்பு இன்னொரு பெண்ணுக்கு நேராமல் தடுக்கக் கோருதல்.

பார்வை: என் முந்தைய மனுவை முடித்துத் தங்கள் அலுவலகம் அனுப்பிய இரண்டு வரிப் பதில்.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு,

இந்த இருக்கையில் இப்போது இருப்பவர் யார் என்று தங்கள் அலுவலக வாசலில் விசாரித்தேன். "மாறிட்டாங்க" என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை. ஆகவே முதலிலிருந்து எழுதுகிறேன்.

1. பேக்கரியிலும் துணிக்கடையிலும் மருந்துக் கிடங்கிலும் வேலை பார்க்கும் இளம்பெண்கள் எங்கள் விடுதியில் தங்கியிருக்கிறார்கள். சென்ற ஆண்டு தங்கள் பிரிவின் கள அலுவலர் வந்து இந்தச் செயலியை அறிமுகப்படுத்தினார். வாய்விட்டுக் கேட்கக் கூசும் கேள்விகளை அதில் கேட்கலாம், சோதனைக்கு முன்பதிவு செய்யலாம், மையத்தில் பெயர் சொல்ல வேண்டாம், அவரவரே செயலியில் தேர்ந்து ரகசியமாக வைத்துக்கொள்ளும் நாலிலக்கப் பயனர் எண் போதும் என்றார். நல்ல ஏற்பாடு என்று மனதார நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

2. மறுநாள் மாலைக்குள் எல்லாரையும் பதிந்தாக வேண்டும், மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்றார் அவர். பெண்களோ வேலைக்குப் போயிருந்தார்கள். எங்கே சலுகை கிடைக்கிறதோ அந்த சிம்முக்குத் தாவுகிறவர்கள் என்பதால் என் பதிவேட்டில் இருந்த எண்களில் பாதி செத்த எண்கள். பதிவுக்கு ஓடிபி கட்டாயம். "உங்க நம்பரையே எல்லாருக்கும் போட்டுடுங்கம்மா, அப்புறம் மாத்திக்கலாம்" என்றார் கள அலுவலர். அலுவலக அறைக் கணினியில் உட்கார்ந்து என் எண்ணை அறுபத்தொரு முறை அடித்தேன். நூறு விழுக்காடு பதிவுக்காக எனக்கு வழங்கிய பாராட்டுச் சான்றிதழ் இன்று காலைவரை வரவேற்பறைச் சுவரில் தொங்கியது. எண்ணை மாற்றும் பக்கம் மட்டும் செயலியில் இன்றுவரை திறக்கவில்லை.

3. அதன்பின் தினமும் காலையில் என் கைபேசிக்கு அறுபத்தொரு குறுஞ்செய்திகள் வந்தன. "தண்ணீர் குடித்தீர்களா?" என்று அறுபத்தொன்று. "பாதுகாப்பே அழகு" என்று அறுபத்தொன்று. முதல் வாரம் சிரித்தேன். இரண்டாம் வாரம் சத்தத்தை அணைத்தேன். பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டேன். புலி வருது, புலி வருது என்று தினமும் கூவினால் என்ன ஆகுமோ அதுவே ஆனது. சோதனை முடிவும் அதே வழியில்தான் வரும் என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

4. இரண்டாம் மாடியில் இருந்த பேக்கரிப் பெண்ணை எல்லாரும் 'குடுக்கை' என்றே கூப்பிடுவோம். அவ்வளவு அவசரக்காரி. படிக்கட்டில் இறங்கிக்கொண்டே தலை வாருவாள், பல் துலக்கியபடியே செருப்பு மாட்டுவாள். அவள் யாருக்கும் சொல்லாமல் செயலி வழியாக முன்பதிவு செய்து சோதனைக்குப் போயிருக்கிறாள். அவள் செய்ததில் ஒரு குறையும் இல்லை. தாங்கள் சுவரொட்டியில் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தவள் அவள் ஒருத்திதான். "தொற்று இருந்தால் மட்டுமே செய்தி வரும், வராவிட்டால் கவலை வேண்டாம்" என்று செயலி சொன்னது. எதற்கும் காத்திராத பெண் அந்தச் செய்திக்குக் காத்திருந்தாள். வரவில்லை என்றதும் நிம்மதியாக இருந்தாள்.

5. பத்து வாரம் கழித்து அடுப்பறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். மருத்துவர் கேட்டபோது சோதனை செய்ததையும் தன் பயனர் எண்ணையும் சொன்னாள். பக்கத்தில் இருந்த நான் வெளியே நடைவழிக்கு வந்து என் கைபேசியைத் துழாவினேன். "பயனர் எண் 4406: சிகிச்சைக்கு உடனே மையத்துக்கு வரவும்." நான்கு முறை வந்திருந்தது. ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டால் தீர்ந்திருக்கும் தொற்று அது. சீழ் பிடித்துக் கருக்குழாய்கள் இரண்டையும் எடுக்க வேண்டியதாயிற்று. அவளுக்கு வயது இருபது.

6. மயக்கம் தெளிந்ததும் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒரு மெசேஜும் வரலையேக்கா. அதான் ஒண்ணும் இல்லன்னு இருந்துட்டேன்." அடுத்து, "வீட்ல யாரும் வரல. நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். செய்தி வந்த கைபேசி அப்போது என் இடுப்புப் பையில் இருந்தது. நான் அவளிடம் சொல்லவில்லை. இந்த மனுவை எழுதும் இன்றுவரை சொல்லவில்லை. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்பதை எந்த வாயால் சொல்வது?

7. தங்கள் அலுவலகத்தின் பதில் வருமாறு: "பயனர் தவறான கைபேசி எண்ணை அளித்ததால் தகவல் சென்றடையவில்லை. மனு முடித்துவைக்கப்படுகிறது." இதை நான் வன்மையாக மறுக்கிறேன். அவள் எந்த எண்ணையும் அளிக்கவில்லை. அளித்தவள் நான். அளிக்கச் சொன்னது தங்கள் அலுவலர். அடிவயிற்றில் தழும்போடு இருப்பவள் மேல் ஏட்டிலும் பழி இருக்கக் கூடாது.

8. நான் மீண்டும் எழுதுவதற்கு அதைவிட அவசரமான காரணம் உண்டு. ஒன்பது நாட்களுக்கு முன் இன்னொரு செய்தி வந்தது. "பயனர் எண் 3127: சிகிச்சைக்கு உடனே மையத்துக்கு வரவும்." அந்த 3127 யார் என்று எனக்குத் தெரியாது. அன்றே மையத்துக்கு ஓடினேன். பயனர் தவிர யாருக்கும் சொல்ல முடியாது என்றார்கள். சரியான விதிதான். அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினேன். யாரோ கிழித்துப் போட்டார்கள். அறை அறையாகப் போய், சோதனை செய்துகொண்டவர் யாராக இருந்தாலும் மையத்துக்குப் போய்விடுங்கள் என்று கெஞ்சினேன். சிலர் சிரித்தார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். "எங்களை வேவு பாக்குறீங்களாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று ஒருத்தி அந்தக் கூட்டத்திலேயே நின்றிருக்கலாம். அல்லது விடுதியை விட்டுப் போய்விட்ட பதினேழு பேரில் ஒருத்தியாக இருக்கலாம். இப்போது காலையில் வரும் எல்லாச் செய்திகளையும் ஒன்று விடாமல் படிக்கிறேன். அதனால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை.

9. 3127-இன் பெயரை நான் கேட்கவில்லை. பெயர் கேட்காவிட்டாலும் சோதனையின்போது கையெழுத்து வாங்கிய சீட்டு மையத்தில் இருக்கிறது, அதில் அறை எண்ணோடு முகவரியும் இருக்கிறது. மையத்துச் செவிலியர் ஒருவரை நேரில் அனுப்பி, அந்தப் பெண்ணிடம் தனியே சொல்லச் செய்ய வேண்டுகிறேன். "செய்தி வராவிட்டால் கவலை வேண்டாம்" என்ற வரியைச் செயலியிலிருந்து இன்றே நீக்க வேண்டுகிறேன். 4406-இன் கோப்பில் 'பயனர்' என்று இருக்கும் இடத்தில் 'காப்பாளர்' என்று திருத்தி, என் மீது உரிய நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன். எனக்காகப் பரிந்து பேச யாரும் வரமாட்டார்கள், நானும் வரமாட்டேன்.

முந்தைய மனுவுக்குப் பதில் வர ஐம்பத்திரண்டு நாள் ஆனது. இதற்கும் அவ்வளவு நாள் ஆனால் இதை எழுதியதற்கு அர்த்தம் இல்லை. நடக்கும் என்ற நம்பிக்கை எனக்குப் பெரிதாக இல்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இணைப்பு: குறுஞ்செய்திகளின் நகல், பாராட்டுச் சான்றிதழ் (அசல், திருப்பி ஒப்படைக்கப்படுகிறது).

இடம்: விடுதி அலுவலக அறை
நாள்: 3127-க்குச் செய்தி வந்த பத்தாம் நாள்

இப்படிக்கு,
(ஒப்பம்)
விடுதிக் காப்பாளர்

தொடர்புக்கு: தங்கள் பதிவேட்டில் அறுபத்தொரு பெண்களுக்கும் எதிரே இருக்கும் அதே எண்.