மாதாமாதம் வயிற்றில் ஓர் ஊசி

அக்கா,

நேற்று தஞ்சாவூரில், ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் அத்தைக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க நின்றிருந்தேன். கடைக்காரர் ஃபிரிட்ஜைத் திறந்து ஓர் ஊசி மருந்தை எடுத்தார். ஐஸ் பையோடு சேர்த்துச் சுற்றி, எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் கொடுத்தார். முப்பது வயதுகூட இருக்காது அவளுக்கு. அந்த ஈரப் பொட்டலத்தை முந்தானையால் மூடிக்கொண்டு ரோட்டைக் கடந்து போனாள். நான் மாத்திரை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தவர்கள் நாம். மூத்தவருக்கு நீங்கள், இளையவருக்கு நான். எனக்கு இரண்டு பிள்ளைகள். உங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் இல்லை. இடுப்பு வலிக்கிறது என்று நீங்கள் சொன்னபோது, நடவு வயலில் குனிந்து நின்றதால் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மார்பில் கட்டி இருந்ததை நீங்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஸ்கேன் எடுத்தபோது அது எலும்புவரை போயிருந்தது. அப்போது உங்களுக்கு முப்பத்தைந்து வயது.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். உங்கள் உடம்பில் சுரக்கிற பெண் ஹார்மோனை வைத்துத்தான் அந்த நோய் வளர்கிறது, அதனால் மாதாமாதம் வயிற்றில் ஊசி போட்டுச் சினைப்பையின் வேலையை நிறுத்த வேண்டும், கூடவே தினமும் மாத்திரை. அடியோடு போகாது, ஆனால் கொஞ்ச காலம் கட்டிப்போட்டு வைக்கலாம் என்றார். உங்கள் வீட்டுக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் ஒன்றைத்தான் கேட்டீர்கள்.

"அப்ப கொழந்தை?"

"மொதல்ல நீங்க இருக்கணும்மா" என்றார் அவர்.

அத்தையிடம் நாம் பொய் சொல்லவில்லை. வயிற்றில் ஊசி போடுகிறார்கள் என்று மட்டும்தான் நீங்கள் சொன்னீர்கள். அது குழந்தைக்கான வைத்தியம் என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டு தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அதன்பிறகு ஊசி போடும் நாளெல்லாம் அத்தையே உங்களுக்குப் பூ வைத்துவிட்டு நம் இருவரையும் பஸ் ஏற்றி அனுப்பினார்.

ஊசி உங்கள் உடம்பைக் கிழவியின் உடம்பாக்கிக்கொண்டிருந்தது. மார்கழிப் பனியில் நாங்கள் போர்வைக்குள் சுருண்டிருக்க, நீங்கள் விடியற்காலையில் பம்புசெட் தொட்டிக்குள் இறங்கி நின்றீர்கள். கழுத்திலிருந்து நெற்றிவரை நெருப்பு ஏறுகிறது என்றீர்கள். உங்கள் கையைப் பிடித்தேன். அந்தக் குளிரிலும் கொதித்தது.

மாதவிலக்கு நின்றது. அதை முதலில் கவனித்தவர் அத்தைதான். யாரிடமும் சொல்லாமல் தனியாகத் திருக்கருகாவூருக்குப் பஸ் ஏறிப் போய், கரு காக்கும் அம்மன் கோயில் எண்ணெய் வாங்கி வந்தார். உங்களைக் கூடத்தில் படுக்க வைத்து, வயிற்றில் தடவப் புடவையை விலக்கினார். தொப்புளுக்குப் பக்கத்தில் ஊசி போட்ட இடம் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. எண்ணெய் தொட்ட அவர் கையை நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள்.

"வேணாம் அத்தை. உள்ள ஒண்ணும் இல்ல. இனிமே வராது. அதை நிறுத்தத்தான் இந்த ஊசி."

அவருக்குப் புரியவே வெகுநேரம் ஆனது. புரிந்ததும் என் பக்கம் திரும்பினார். "நீ ரெண்டு பெத்து வச்சிருக்க. நெலம் பூரா உன் புள்ளைங்களுக்கு வரட்டும்னுதான இவளைக் கூட்டிட்டுப் போயி ஊசி போட்டுட்டு வர்ற?"

நீங்கள் எழுந்து உட்கார்ந்து, "நான் உசுரோட இருக்கணும்னுதான் போட்டுக்கறேன் அத்தை. இவ இல்லாட்டி நான் தனியாத்தான் போயிருக்கணும்" என்றீர்கள். அத்தை அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. எண்ணெய்க் கையைத் தன் தலையில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த மாதம் பஸ்ஸில் பாபநாசம் தாண்டியதும், என் தோளில் சாய்ந்தபடி மெல்லச் சொன்னீர்கள். "அவங்க கொழந்தைக்குன்னு நெனச்சிட்டு இருந்த வரைக்கும் எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. இப்ப வெறும் ஊசிதான்."

இரண்டு வருஷம் அந்த ஊசி காப்பாற்றியது. இடுப்பு வலி குறைந்து, நீங்கள் களத்துக்கு வந்து நெல் தூற்றினீர்கள். பிறகு ஈரலில் தெரிந்தது. மாத்திரையை மாற்றினார்கள், மறுபடியும் மாற்றினார்கள். கீமோவை உங்கள் உடம்பு தாங்கவில்லை. வேறு ஊசி இருந்தால் போடுங்கள், எந்த ஊருக்கு வேண்டுமானாலும் கூட்டிப்போகிறேன் என்று உங்கள் வீட்டுக்காரர் டாக்டரம்மாவின் மேஜையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். இனி ஊசி வேண்டாம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்று அவர் சொன்னார்.

திரும்பும்போது கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் உங்கள் வீட்டுக்காரர் தண்ணீர் வாங்கப் போனார். நீங்கள் என் காதருகே வந்து கேட்டீர்கள்.

"ஊசிதான் இனிமே இல்லல்ல. அப்ப திரும்ப வருமா?"

மஞ்சள் பாய்ந்திருந்த உங்கள் கண்ணைப் பார்த்தேன். உங்களுக்குத் தெரியாதது எதுவும் எனக்குத் தெரியாது.

"வரும்க்கா."

"அப்படின்னா நாப்கின் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்துடு. வீட்ல எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல."

வாங்கி வந்தேன். கறுப்புக் கவரில் சுற்றிக் கொடுத்ததைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினீர்கள். நாலு பேரைப் போலவே நானும் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டீர்கள். தாளடிப் பயிர் கதிர் விடுவதற்குள் போய்விட்டீர்கள். பாக்கெட் பிரிக்காமலே கிடந்தது.

அத்தை இப்போதும் திடீரென்று என்னைக் கூப்பிட்டு, ஊசியை ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்கிறார். அது வேலை செய்யாமல் போனதால்தான் என்கிறேன். மறுநாளும் கேட்கிறார்.

நான் உங்களுக்குச் சொன்ன அந்த ஒற்றைச் சொல் பொய்தான் அக்கா. சோறு வடிக்கும்போதும், பிள்ளைகளுக்குத் தலை சீவும்போதும் அது வாய்க்குள் வந்து நிற்கிறது. வேறென்ன சொல்லியிருக்கலாம் என்று தேடிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் கிடைக்கவில்லை. இன்றைக்கு நீங்கள் வந்து கேட்டாலும், வரும்க்கா என்றுதான் சொல்வேன்.