அம்மாவுக்கு நீ அனுப்பும் பூக்கள்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் மாடி அறையில் காய்ச்சலில் கிடந்தபோதுகூட அம்மா கீழேயிருந்துதான் குரல் கொடுத்தாள். குறையாகச் சொல்லவில்லை. ஃபோனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், அதனால்தான் கடிதம்.

நீ மாதாமாதம் அனுப்பும் பூக்கொத்தைப் பற்றித்தான். அம்மா அதைக் கூடத்து மேஜையில் நடுநாயகமாக வைத்து, பால்காரரிலிருந்து பக்கத்து வீட்டு டீச்சர் வரை கூப்பிட்டுக் காட்டுகிறாள். "எம் பொண்ணு அனுப்பினது" என்கிறாள். நானும் அவள் பெண்தான் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை. பூக்கடை வைத்திருக்கும் நான் ஒரு கட்டு கொண்டுவந்தால், "கடையில மிஞ்சினதா?" என்று கேட்டு சமையலறை ஜன்னலில் சொருகுகிறாள். மிஞ்சினது இல்லை. காலையில் கடை திறந்ததும் முதல் கட்டாக அவளுக்கென்று எடுத்து வைத்தது. வயிறு எரியாமல் என்ன செய்யும், நீயே சொல்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. நீ ஆர்டர் கொடுக்கும் கம்பெனிக்கு இந்த ஊரில் சொந்தக் கடை கிடையாது. ஆர்டர் என்னிடம்தான் வருகிறது. நான் கட்டிக் கொடுக்க, கம்பெனி ஆள் பெட்டியில் வைத்து எடுத்துப் போகிறான். முதல் தடவை நம் வீட்டு விலாசத்தைப் பார்த்ததும் கடையில் தனியாக நின்று சிரித்தேன். அம்மாவிடம் சொல்லிக் கலாட்டா செய்யலாம் என்று வீட்டுக்கு வந்தால், அவள் பூக்களைத் தொட்டுத் தொட்டு, "அங்கேருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கு பாரு" என்கிறாள். பூவே விமானத்தில் வந்ததாக நினைப்பு. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து வெயிலுக்குச் சூரியகாந்தி, மழைக்கு டேலியா, பனிக்குச் சாமந்தி என்று பார்த்துப் பார்த்துக் கட்டுவது நான். நல்ல பேர் உனக்கு.

போன வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. உன் ஆர்டருக்கு வாடல் சாமந்தியாகப் பொறுக்கிக் கட்டினேன். முகம் சுளிக்கட்டும், எல்லோருக்கும் காட்டாமல் இருக்கட்டும் என்றுதான். வீட்டுக்கு வந்தால் அம்மா கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கிறாள். "பாவம், வழியிலயே வாடிடுச்சு. இவ்வளவு தூரம் தாங்குமா?" என்று ஒவ்வொரு தண்டாக நுனி நறுக்கித் தண்ணீரில் வைத்தாள். கூடத்து ஜன்னல் வழியாக வெயில் அடிக்கிறதென்று சாடியைத் தூக்கிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறினாள். நான் தடுத்தும் கேட்கவில்லை. என் அறையில், என் கட்டில் பக்கத்தில் உன் பூவை வைத்துவிட்டு இறங்கினாள். நான் கொண்டுவந்த புதுச் சாமந்தி காகிதம்கூடப் பிரிக்காமல் அடுப்பு மேடையில் கிடந்தது.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். நிறையவே இருக்கிறது. ஆனாலும் ஆர்டரை நிறுத்திவிடாதே. நிறுத்தினால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள், அந்த முகத்தையும் நான்தான் பார்க்க வேண்டும்.

எனக்காக ஒன்று செய். அடுத்த முறை பேசும்போது, "அக்காவுக்கு உன் பேர்ல ஒரு கொத்து அனுப்பறேன்மா, அட்டையில என்ன எழுத?" என்று அம்மாவிடம் கேள். நான் கேட்கச் சொன்னதாகச் சொல்லாதே. அவள் சொல்வதை அப்படியே ஆர்டரில் போடு, இரக்கப்பட்டு நீயாக ஒரு வார்த்தை சேர்க்காதே. ஒன்றும் சொல்லாவிட்டால் அட்டையை வெறுமையாக விடு. என்ன பூ என்று எழுத வேண்டாம், நானே பார்த்துக் கட்டிக்கொள்கிறேன். விலாசம் மட்டும் வீட்டு விலாசமாக இருக்கட்டும். வாசலில் அம்மா வாங்கி, அவள் கையால் என்னிடம் கொடுக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா